நிற்கும் ஸ்டேஷனரியும் விற்கும் ஸ்டேஷனரியும்

மதுரை முனிச்சாலையில் என் சித்தப்பா நோட்டுப் புத்தகக் கடை ஒன்றைத் தொடங்கியபோது, பெயர்ப்பலகைக்கான வாசகத்தைத் தாளில் எழுதிக் கொடுக்கும் பொறுப்பு, வீட்டில் ஆங்கிலம் படித்தவன் என்ற முறையில், என்னிடம் வந்து சேர்ந்தது. தமிழுக்கு ஐந்து பங்கு, ஆங்கிலத்துக்கு மூன்று பங்கு என்ற அரசு விதிப்படி மேலே தமிழ் பெரிதாகவும் கீழே ஆங்கிலம் சிறிதாகவும் மஞ்சள் பின்னணியில் சிவப்பு எழுத்தாகப் பலகை ஏறியது. மூன்று மாதம் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு நாள் ரீஃபில் வாங்க வந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் பலகையை அண்ணாந்து பார்த்துவிட்டு, "ஏம்ப்பா, கடை எங்கேயும் ஓடிப்போகாதுன்னு போர்டு வச்சிருக்கீங்களா?" என்று கேட்டார். சித்தப்பாவுக்கு அது விளங்கவில்லை. எனக்கு விளங்க ஒரு நிமிடம் பிடித்தது. ஸ்டேஷனரி என்ற சொல்லின் கடைசியிலிருந்து மூன்றாவது எழுத்தாக ஆங்கில 'இ' (E) இருக்க வேண்டிய இடத்தில் நான் 'ஏ' (A) எழுதிக் கொடுத்திருந்தேன்.

ஆங்கிலத்தில் இவை இரண்டு தனிச் சொற்கள். 'ஏ' எழுத்துடன் வருவது பெயரடை. நகராமல் ஓரிடத்தில் நிற்கிற என்பது அதன் பொருள். 'இ' எழுத்துடன் வருவது பெயர்ச்சொல். தாள், உறை, பேனா, பசை, கோப்பு அட்டை முதலான சரக்கு முழுவதையும் அது குறிக்கிறது. தமிழ் எழுத்தில் இரண்டும் ஒன்றுபோலவே அமைந்துவிடுவதால், இக்கட்டுரையில் முதலாவதை நிற்கும் ஸ்டேஷனரி என்றும் இரண்டாவதை விற்கும் ஸ்டேஷனரி என்றும் அழைக்கிறேன்.

இத்தகைய குழப்பங்களுக்கெல்லாம் தமிழ் நாக்கின் மேல் பழியைப் போடுவது நம்மிடம் உள்ள வழக்கம். இந்த இடத்தில் அது நியாயமில்லை. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களில் மிகப் பலர் இரண்டு சொற்களையும் ஒரே ஒலியில்தான் சொல்கிறார்கள். ஆகவே அவர்களும் எழுதும்போது தடுமாறுகிறார்கள். காது கைவிட்ட இடத்தில் கண்ணும் நினைவும்தான் துணை. மதுரைக்காரர்களுக்கு இது புதிய சங்கடமும் அல்ல. விளாங்குடியைத் தாண்டினால் வருகிற பரவை என்ற ஊரையும், மாலையில் மரத்தில் வந்து அடைகிற பறவையையும் நாம் பேச்சில் ஒன்றுபோலவே ஒலிக்கிறோம். எழுதும்போது மட்டும் ரகரமா றகரமா என்று ஒரு கணம் கை நிற்கிறது. ஆனால் பரவை, பரவு என்ற வேரிலிருந்தும் பறவை, பற என்ற வேரிலிருந்தும் வந்தவை. வேரை நினைத்தால் எழுத்து தானாக வந்துவிடும். ஸ்டேஷனரிகளின் தொல்லை இதைவிடச் சற்றுக் கூடுதலானது. அவை இரண்டும் ஒரே வேரில் கிளைத்தவை. ஒரே இலத்தீன் சொல்லின் இரண்டு வழித்தோன்றல்கள்.

இலத்தீனில் 'ஸ்டாரே' என்றால் நிற்றல். அதிலிருந்து வந்த 'ஸ்டாட்டியோ' நிற்கும் இடத்தை, குறிப்பாகக் காவல் வீரர்கள் நிலைகொள்ளும் இடத்தைக் குறித்தது. ஆங்கிலத்தின் ஸ்டேஷன் அங்கிருந்து வந்தது. மதுரையில் "ஸ்டேஷனுக்கு வரச் சொன்னாங்க" என்று ஒருவர் முகம் வாடிச் சொன்னால், அவர் ரயிலேறப் போகவில்லை என்பது எல்லோருக்கும் தெரியும். காவலுக்கு நிற்கும் இடம் என்ற பழைய இலத்தீன் பொருளை அறியாமலேயே நாம் காப்பாற்றி வருகிறோம். பெரியார் பஸ் ஸ்டாண்டில் உள்ள ஸ்டாண்டும் இதே குடும்பத்தின் இன்னொரு கிளை. சமஸ்கிருதத்தின் 'ஸ்தா' என்ற வேரும் இதற்கு உறவு. பழைய பத்திரங்களில் ஸ்தாவர சொத்து, ஜங்கம சொத்து என்று வருகிறதே, அந்த ஸ்தாவரம் நகராதது. அதுவே தமிழில் தாவரம் ஆகிச் செடிகொடிகளைக் குறிக்க வந்தது. காகிதம் தாவரத்திலிருந்து செய்யப்படுகிறது என்பதால் கடையின் பெயரும் கடையின் சரக்கும் தூரத்துச் சொந்தம் என்று வேடிக்கைக்குச் சொல்லிக்கொள்ளலாம். ஆனால் அது தற்செயல்தான்.

இவற்றோடு பிறப்புத் தொடர்பு இல்லாவிட்டாலும், தமிழின் 'நில்' செய்கிற வேலை ஏறத்தாழ இதுவே. நிலை, நிலையம் என்று அது கிளைப்பதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. சித்திரைத் திருவிழாவில் மாசி வீதிகளைச் சுற்றி வந்த தேர் கீழமாசி வீதித் தேரடிக்குத் திரும்பியதும், தேர் நிலைக்கு வந்துவிட்டது என்கிறோம். அந்த நிலைதான் ஸ்டேஷன். அசையக்கூடிய ஒன்று வந்து நிற்பதற்கென்று குறித்துவைத்த இடம்.

நிற்பதற்கும் நோட்டுப் புத்தகம் விற்பதற்கும் என்ன சம்பந்தம் என்பதே இதில் சுவையான கேள்வி. இடைக்கால ஐரோப்பாவில் வணிகர்களில் பெரும்பாலோர் நடைவியாபாரிகள். மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு சந்தைக்குச் சந்தை, ஊருக்கு ஊர் போய்க்கொண்டிருந்தார்கள். உப்பும் துணியும் ஊசியும் அப்படி விற்கலாம். புத்தகத்தை விற்க முடியாது. அச்சு வருவதற்கு முன் ஒரு புத்தகம் என்பது ஆட்டுத்தோலிலோ கன்றுத்தோலிலோ மாதக்கணக்கில் கையால் எழுதப்பட்ட, கனமும் விலையும் மிகுந்த பொருள். வாங்குபவரும் எல்லா ஊரிலும் இருக்கவில்லை. மடங்களிலும் பேராலயங்களிலும் பல்கலைக்கழகங்களிலும் இருந்தார். ஆகவே புத்தக வணிகர் அவர்களின் வாசலிலேயே கடை போட்டு உட்கார்ந்துவிட்டார். ஓரிடத்தில் நிலைத்துக் கடை வைத்திருந்ததே அவருடைய தனி அடையாளம் என்பதால், இலத்தீனில் அவரை 'ஸ்டாட்டியோனாரியஸ்', அதாவது நிலைக்கடைக்காரர் என்று அழைத்தார்கள்.

13ஆம் நூற்றாண்டில் பொலோன்யா, பாரிஸ் பல்கலைக்கழகங்கள் இந்த நிலைக்கடைக்காரர்களைத் தம் கட்டுப்பாட்டில் வைத்திருந்தன. சரிபார்க்கப்பட்ட மூலப்படி ஒன்றைத் தைக்காமல் சிறு சிறு கட்டுகளாகப் பிரித்து அவர்கள் கடையில் வைத்திருப்பார்கள். மாணவரோ, மாணவர் கூலிக்கு அமர்த்திய எழுத்தரோ ஒரு கட்டை வாடகைக்கு எடுத்துப் படியெடுத்துக்கொண்டு திருப்பித் தந்துவிட்டு அடுத்த கட்டை எடுத்துப் போவார்; அதே வேளையில் வேறொருவர் வேறொரு கட்டைப் படியெடுத்துக்கொண்டிருப்பார். வாடகை எவ்வளவு என்பதைப் பல்கலைக்கழகமே நிர்ணயித்தது. தேர்வுக்கு முந்திய வாரம் மதுரைக் கல்லூரிகளின் வாசலில் உள்ள ஜெராக்ஸ் கடைகளைப் பார்த்தவர்களுக்கு இதில் ஒன்றும் விசித்திரமாகத் தோன்றாது. சீனியர் ஒருவரின் நோட்டு, யூனிட் யூனிட்டாகப் பிரிக்கப்பட்டு, கிளிப் மாட்டிக் கடைக்காரரின் மேசையில் அடுக்கியிருக்கும். "அண்ணே, மூணாவது யூனிட் மட்டும் போதும்" என்கிற பையன் எழுநூறு ஆண்டுப் பழமையுள்ள ஒரு வணிகமுறையின் வாடிக்கையாளன்.

லண்டனிலும் எழுத்தர், ஓவியம் தீட்டுபவர், புத்தகம் தைத்துக் கட்டுபவர், விற்பவர் ஆகியோர் புனித பவுல் பேராலயத்தைச் சுற்றிக் கடை வைத்திருந்தார்கள். 1403இல் அவர்களுக்கு ஒரு தொழிற்சங்கம் அமைந்தது. 1557இல் அதற்கு அரச சாசனம் கிடைத்தது. அதன் பிறகு, இங்கிலாந்தில் எந்தப் புத்தகத்தை யார் அச்சிடலாம் என்பதை ஒன்றரை நூற்றாண்டு அளவுக்கு இந்த ஸ்டேஷனர்களின் சங்கமே பெரும்பாலும் தீர்மானித்தது. 1710இல் நடைமுறைக்கு வந்த பதிப்புரிமைச் சட்டம், உரிமையின் தொடக்கத்தை நூலாசிரியரிடம் கொண்டுபோய் வைத்தது. இதற்கிடையில் தொழில் இரண்டாகப் பிரிந்திருந்தது. புத்தகம் விற்பவருக்குத் தனிப் பெயர் வந்துவிட்டது. தாள், மை, இறகுப் பேனா விற்பவரிடம் ஸ்டேஷனர் என்ற பழைய பெயர் தங்கிப்போனது. ஸ்டேஷனர் விற்கும் சரக்கு என்ற பொருளில் ஸ்டேஷனரி 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அடைமொழியாகத் தலைகாட்டி, 18ஆம் நூற்றாண்டில் பெயர்ச்சொல்லாக நிலைத்தது.

கோயில் வாசலில் கடை என்பது நம் ஊருக்கு அந்நியமான காட்சியன்று. மதுரைக்காஞ்சி இவ்வூரின் நாளங்காடியையும் அல்லங்காடியையும் பாடுகிறது. பகலுக்கு ஒன்று, இரவுக்கு ஒன்று என்று நிலையான சந்தைகள் அன்றே இருந்தன. மீனாட்சியம்மன் கோயில் கிழக்குக் கோபுரத்துக்கு எதிரில், வசந்த விழாவுக்காக 17ஆம் நூற்றாண்டில் திருமலை நாயக்கர் எழுப்பிய புதுமண்டபத்தில், என் நினைவு தெரிந்த நாள் முதல் தூணுக்குத் தூண் கடைகள்தான். நாயக்க மன்னர்களின் சிலைகளுக்கு நடுவே தையல் இயந்திரங்கள் ஓடிக்கொண்டிருக்கும். வளையலும் பித்தளைப் பாத்திரமும் ஒரு பக்கம், புத்தகமும் நோட்டும் ஒரு பக்கம். பள்ளி திறக்கும் ஜூன் மாதத்தில் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு அந்த இருட்டுக் குளிர்ச்சிக்குள் நுழைந்து, இரண்டாம் கை கோனார் உரையும் கோடு போட்ட நோட்டும் வாங்கிய தலைமுறை என்னுடையது. ஐரோப்பியர் ஸ்டாட்டியோனாரியஸ் என்று சொன்னது இப்படிப்பட்ட கடைக்காரரைத்தான். அண்மை ஆண்டுகளில் மண்டபத்தைப் பாதுகாப்பதற்காக அந்தக் கடைகள் பக்கத்திலுள்ள குன்னத்தூர் சத்திர வளாகத்துக்கு மாற்றப்பட்டன. விற்கும் ஸ்டேஷனரி, நிற்கும் ஸ்டேஷனரியாக இல்லாமல் போன ஒரே தருணம் அது.

எழுத்து ஏன் பிரிந்தது என்பதை இனிப் பார்ப்பது எளிது. ரொட்டி சுடுபவர் பேக்கர், அவர் கடை பேக்கரி. மொத்தமாக வாங்கி விற்றவர் குரோசர், அவர் சரக்கு குரோசரி. அதே வாய்பாட்டில் ஸ்டேஷனரின் சரக்கு ஸ்டேஷனரி. ஆளைக் குறிக்கும் ஈற்றில் 'இ'யும் 'ஆர்'உம் இருப்பதால், அதன் மேல் ஏறும் சொல்லிலும் 'இ' தங்கிவிடுகிறது. நிற்கும் ஸ்டேஷனரிக்கு இடையில் கடைக்காரர் யாரும் இல்லை. இலத்தீன் ஈற்றின் 'ஏ' நேரே வந்து அமர்ந்துவிட்டது. ஆனால் 'ஏ' வந்தால் பெயரடை, 'இ' வந்தால் பெயர்ச்சொல் என்று இதைப் பொதுவிதியாக நீட்டிவிடக் கூடாது. லைப்ரரியும் டிக்‌ஷனரியும் 'ஏ' எழுதும் பெயர்ச்சொற்கள்தாம். சொல்லுக்குள் ஒரு கடைக்காரர் ஒளிந்திருக்கிறாரா என்று தேடுவதே இந்த இணைக்குப் பொருந்தும் சோதனை.

விற்கும் ஸ்டேஷனரியின் பயன்பாட்டில் நம் கடைத்தெருக்கள் செய்கிற இன்னொரு பிழை, அதைப் பன்மையாக்குவது. 'ஸ்டேஷனரீஸ்' என்று எழுதிய பலகை இல்லாத தெரு மதுரையில் குறைவு. ஆங்கிலத்தில் இது எண்ணிக்கைக்கு உட்படாத சொல். தமிழில் மளிகை எப்படியோ அப்படி. மளிகைகள் வாங்கி வந்தேன் என்று எவரும் சொல்வதில்லை. பொருளின் எல்லையும் நாட்டுக்கு நாடு சற்று மாறுகிறது. அமெரிக்கர் பலருக்கு இச்சொல்லைக் கேட்டதும் கடிதத்தாளும் அதற்கேற்ற உறையுமே மனத்தில் எழும். இந்தியாவில் பென்சிலிலிருந்து பஞ்சிங் மெஷின் வரை எல்லாம் அடங்கும்.

தமிழ்நாடு அரசு இதற்கு எழுதுபொருள் என்ற சொல்லை ஆள்கிறது. எழுதுபொருள் மற்றும் அச்சுத் துறை என்றே ஒரு துறை உண்டு. அழகான வினைத்தொகைதான். ஆனாலும் கடைக்காரர்கள் அதை நாவில் ஏற்றாமல், "ஸ்டேஷனரி சாமான்" என்றே சொல்லிவருவதற்கு ஆங்கில மோகம் மட்டும் காரணமில்லை என்பது என் எண்ணம். பசையும் ஸ்டேப்ளரும் செல்லோ டேப்பும் எழுதுகிற பொருள்கள் அல்ல. தமிழ்ச் சொல் பொருளின் வேலையைக் கொண்டு பெயரிடுகிறது. ஆகவே எழுதாத பொருளை உள்ளே விடத் தயங்குகிறது. ஆங்கிலச் சொல்லோ விற்பவரைக் கொண்டு பெயரிடுகிறது; அவர் கடையில் எது வந்து சேர்ந்தாலும் அந்தப் பெயருக்குள் வந்துவிடும்.

நிற்கும் ஸ்டேஷனரியில் எழுத்துப் பிழையைவிடப் பொருள் பிழைதான் எனக்குக் கவலை தருகிறது. அகராதிகள் அதற்கு 'நிலையான' என்று பொருள் தரும்போது, படிப்பவர் நிலையான வேலை, நிலையான வருமானம் என்ற தொடர்களை நினைத்து, என்றும் மாறாதது என்று எடுத்துக்கொள்கிறார். ஆங்கிலச் சொல் அவ்வளவு பெரிய வாக்குறுதி எதையும் தருவதில்லை. இப்போது நகரவில்லை என்பதோடு அது முடிந்துவிடுகிறது. கருவறையில் பிரதிஷ்டை செய்யப்பட்ட மூலவர் அசையாதவர். அவருக்கு இச்சொல் பொருந்தாது. அழகர்கோவிலிலிருந்து புறப்பட்டு மதுரைக்கு வருகிற வழியில் மண்டகப்படிக்கு மண்டகப்படி இறங்கிச் சேவை சாதிக்கிறாரே, அந்த உற்சவரின் பல்லக்கு நிற்கும் நேரத்துக்கு இது கச்சிதமாகப் பொருந்தும். மாட்டுத்தாவணியில் புறப்படும் நேரத்துக்காக என்ஜின் உறுமிக்கொண்டு நிற்கும் பேருந்தும் அப்படியே.

இந்தத் தற்காலிகத் தன்மை சொல்லின் பிறவிக்குணம். 14ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலத்தில் நுழைந்தபோது அது கோள்களைப் பற்றிப் பேசவே பயன்பட்டது. செவ்வாய், வியாழன் போன்ற கோள்கள் வானில் முன்னோக்கிச் சென்றுகொண்டிருந்து, பின்னோக்கித் திரும்புவதற்கு முன் சில நாட்கள் நின்றுவிட்டதுபோல் தோன்றும். பஞ்சாங்கத்தில் வக்கிரம் என்று குறிப்பது அந்தப் பின்னடைவை. அதன் இரு முனைகளிலும் வருகிற நிறுத்தத்துக்குத்தான் இச்சொல்லைப் போட்டார்கள். உண்மையில் கோள் நிற்பதில்லை. நம் பூமியிலிருந்து பார்க்கையில் அப்படித் தெரிகிறது. இன்று நிலநடுக்கோட்டுக்கு மேலே 35,786 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் புவிநிலைச் செயற்கைக்கோளின் ஆங்கிலப் பெயரிலும் இதே சொல் உள்ளது. அது வினாடிக்கு மூன்று கிலோமீட்டர் வேகத்தில் பறந்துகொண்டிருக்கிறது; பூமி சுழலும் கணக்கோடு அது ஒத்துப்போவதால், நம் மொட்டைமாடி டிஷ் ஆண்டெனாவுக்கு அது அசையாமல் நிற்கிறது. வானிலை அறிக்கை ஒரு தாழ்வு மண்டலத்தைப் பற்றி இச்சொல்லைப் பயன்படுத்தும்போது நம் செய்தித்தாள்கள் 'நிலைகொண்டுள்ளது' என்று எழுதுகின்றன. என் கணிப்பில் அதுவே இச்சொல்லுக்குக் கிடைத்த மிகச் சரியான தமிழ். நாளை நகரும் என்ற எச்சரிக்கையும் அதற்குள் இருக்கிறது.

ஆவணங்களை மொழிபெயர்த்துப் பிழைப்பவன் என்ற முறையில் ஒன்றைச் சொல்ல வேண்டும். நான்குவழிச் சாலையில் இரவு நேரத்தில் நடந்த ஒரு விபத்தின் தாள்கள் எனக்கு முன்பே வேறொருவரிடம் தமிழாக்கத்துக்குப் போய்வந்திருந்தன. அதில் மோட்டார் சைக்கிள் 'எழுதுபொருள் லாரியின் மீது' மோதியதாக இருந்தது. ஆங்கில மூலத்தைப் பார்த்தேன். தட்டச்சு செய்தவர் 'ஏ'க்குப் பதில் 'இ' போட்டிருந்தார், மொழிபெயர்த்தவர் போட்டதைப் போட்டபடியே பெயர்த்திருந்தார். சிரித்துவிட்டு விடக்கூடிய இடமில்லை அது. லாரி ஓடிக்கொண்டிருந்ததா, பின்விளக்கு எரியாமல் சாலையில் நின்றுகொண்டிருந்ததா என்பதைப் பொறுத்தே பழி யார் மேல், எவ்வளவு பங்கு என்பது தீர்மானமாகும். இழப்பீட்டுத் தொகையும் அதைப் பொறுத்தே கூடும், குறையும். அந்தத் தமிழ்த் தாளில் லாரியில் என்ன சரக்கு என்பது இருந்தது, லாரி நின்றது என்ற ஒரே முக்கியமான செய்தி இல்லை.

எழுத்தை நினைவில் வைத்துக்கொள்ள ஆங்கிலேயர் பேப்பர் என்ற சொல்லின் ஈற்றிலும் உறையைக் குறிக்கும் சொல்லின் தொடக்கத்திலும் 'இ' வருவதைக் காட்டுவார்கள். நமக்கு அந்தச் சுற்றுவழி தேவையில்லை. அழகரை ஆங்கிலத்தில் எழுதினால் முதலெழுத்து 'ஏ'. எழிலை எழுதினால் 'இ'. அசையாதது அகரத்தில் தொடங்குகிறது, எழுதுபொருள் எகரத்தில் தொடங்குகிறது. இதைப் பலகை எழுதியவரிடமே சொல்லும்படி ஆயிற்று. ஆசிரியர் வந்துபோன மறுநாள் அவர் ஏணியோடு வந்து, பிழையான எழுத்தின் மேல் மஞ்சள் பூசிக் காயவிட்டு, என் அகர எகரக் கணக்கைப் பொறுமையாகக் கேட்டு, பெயிண்ட் டப்பா மூடியின் உள்பக்கத்தில் இரண்டு சொற்களையும் எழுதியும் வைத்துக்கொண்டார். சிவப்பில் 'இ'யை முடித்து இறங்கித் தூரிகையைத் துடைத்துக்கொண்டே, "அப்போ போன மாசம் கீழவாசல்ல ரெண்டு கடைக்கு எழுதினேனேண்ணே, அதுல எதைப் போட்டேன்னு தெரியலையே" என்று சொல்லிவிட்டு, ஏணியைத் தோளில் மாட்டியபடி அந்தப் பக்கமாகவே வண்டியைத் திருப்பினார்.